மணிக்குப் போட்ட மாலை

மனிதர்களைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுப்பது ஒரு தொழில்; ஆட்டுக்குத் தொப்பி மாட்டி, அது அதைத் தின்பதற்குள் படம் எடுப்பது வேறு தொழில். பிள்ளைகள் கல்லூரிக்குப் போனபின் கொல்லிமலையில் சும்மா உட்கார முடியாமல் நான் பிடித்தது இரண்டாவது. இதே அவஸ்தையில் இருப்பவர்களுக்குத்தான் இது புரியும்.

கூலிங் கிளாஸ்

எங்கள் மலையில் ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள்; அப்படி அரியூர் நாட்டில் மிளகு விவசாயி ஒருவரின் நாய்க்குக் கூலிங் கிளாஸ் மாட்டினேன். சினிமா நடிகன் மாதிரி நின்றது. படம் வாட்ஸப்பில் மலை முழுக்கச் சுற்றியது. நானும் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன்.

ஆறு மாதத்தில் நாயை லாரி அடித்துவிட்டது. படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி அந்த விவசாயி வந்தார். பிரிண்ட்டைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். என்ன குறை தேடுகிறார் என்று எனக்கு எரிச்சல். பிறகு மெல்லச் சொன்னார்: “ஏனுங்க, கண்ணாடியக் கழட்டிட்டு ஒண்ணு எடுத்திருக்கக் கூடாதுங்களா? அது கண்ணு எப்படி இருந்துச்சுன்னே மறந்துபோயிருமாட்ட இருக்குதுங்க.”

ஸ்பிரே பாட்டில்

அன்றிலிருந்து ஒரு விதி: ஜோடனை எதுவும் இல்லாமல் முதலில் ஒரு படம். இன்னொரு பழக்கம் நான் படித்த கான்வென்ட் கொடுத்தது. ஒரு முடி பறந்தாலும் சிஸ்டர் தண்ணீர் தொட்டுப் படிய வாரிவிட்டுத்தான் வகுப்புக்குள் விடுவார். என் கேமராவுக்கு முன்னாலும் பூனையோ கோழியோ சிலிர்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. பாட்டிலால் ஒரு பீச்சு. தொப்பலாக நனைந்த சேவலுக்கு நான் போ டை கட்டுவதைப் பார்த்து என் வீட்டுக்காரர் கேட்டார்: “எதையும் இருக்கிற மாதிரி விடவே மாட்டியா நீ?”

மாலை

திண்ணனூர் நாட்டு வெள்ளையம்மா, தாயில்லாத ஆட்டுக்குட்டி ஒன்றைப் பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தவள். பெயர் மணி. மிளகு பறிக்க மரம் ஏறி விழுந்த புருஷனின் கால் சரியானால் மணியைக் கிடா வெட்டுவதாக அவர்கள் ஊர்ச் சாமிக்கு நேர்ந்திருந்தார்கள். கால் சரியாகி மூன்று வருஷம். ஒவ்வொரு வருஷமும் நோம்பித் திருவிழா வந்தால் வெள்ளையம்மா, சாமி இன்னும் கேட்கவில்லை என்று சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நேர்ந்த கிடாவுக்கு மாலை போட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைக் குலுக்கினால் சாமி பலியைக் கேட்டுவிட்டது என்று அர்த்தம். அப்புறம் தவணை கிடையாது. அந்த வழக்கம் எனக்கும் தெரியும். ஆனால் வேலை என்று வந்தால் மூளை கேமராவுக்குள் போய்விடுகிறது. அன்று அவர்கள் வீட்டில், விதிப்படி முதல் படம் எடுத்தபின் மாட்டிய தொப்பியை மணி கடித்தது. பையிலிருந்த சாமந்தி மாலையைப் போட்டேன். நெற்றியில் முடி சிலிர்த்திருந்தது. இரண்டு பீச்சு. தலையிலிருந்து வால்வரை குலுக்கியது.

அருமையான படம்தான். நிமிர்ந்தால், வெள்ளையம்மா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். வாசலில் அவள் புருஷன் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். படத்துக்காகத் தெளித்தேன், என் வீட்டுக் குழாய்த் தண்ணீர் என்று என்னென்னவோ சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். “தண்ணி எந்த ஊட்டுதா இருந்தா என்னங்க? கேட்டது சாமிதானுங்களே.”

பிரிண்ட்

நோம்பி முடிந்த வாரம் வெள்ளையம்மா வந்தாள். மன்னிப்பை மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், அதுவும் இங்கிலீஷில். பேச விடவில்லை. நான் எடுத்துவைத்திருந்த பிரிண்ட்டுகளில், மணி உடம்பைக் குலுக்கும் படத்தை மேஜைமேல் கவிழ்த்துவைத்தாள். ஜோடனை இல்லாமல், மணி நேராகப் பார்க்கும் முதல் படத்தை மட்டும் எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தவள் கேட் பக்கம் போய்த் திரும்பினாள்: “மாலை போட்டதுகூடப் பரவால்லீங்க. தண்ணி எதுக்குங்க தெளிச்சீங்க? முடி அப்படியே இருந்தாலும் அது அழகாத்தானுங்க இருந்துச்சு.”

ஸ்பிரே பாட்டில் இப்போது கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்கு வேலை செய்கிறது. எவ்வளவு நனைத்தாலும் குலுக்கிக்கொள்ளாத ஜீவன் இந்த வீட்டில் அது ஒன்றுதான்.