என் கணவரின் பிரெஞ்சுக் கடற்படை

என் கணவரிடம் ஒரு கடற்படை இருக்கிறது. ரொறன்ரோவின் மல்வேர்னில் எங்கள் அப்பார்ட்மென்டின் ஜன்னலோரம், கொம்பியூட்டருக்குள் இருக்கிறது. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு, முகம் தெரியாத நாலைந்து பேரோடு சேர்ந்து அவர் ஒரு சரித்திரம் எழுதுகிறார். நடந்த சரித்திரம் அல்ல, நடக்காதது. அதில் பிரான்ஸின் விமானந்தாங்கிக் கப்பல்கள் எல்லாவற்றிலும், நின்ற இடத்திலிருந்தே நேராக மேலெழும் ஜெட்டுகள் நிற்கின்றன. பாரிஸில் கோப்பை கழுவிய காலத்தில் படித்த பிரெஞ்சு அவருக்கு இதற்குத்தான் உதவுகிறது.

எனக்கும் விளங்கப்படுத்துவார். "இஞ்சேரும், இப்பிடி ஜெட் இருந்தா, பிளேனை இழுத்து எறியிற அந்தப் பெரிய நீராவி மெசின் கப்பலுக்குத் தேவையில்லை. மெசின் இல்லையெண்டா கப்பல் சின்னனா இருந்தாலே காணும். ஒண்டு கட்டிற இடத்தில நாலு கட்டலாம்."

"நாலு கட்டி என்ன செய்யப்போறீங்கள்? கறி ஆறுது, வாங்கோ" என்பேன் நான். ஆம்பிளைகளுக்கு வயது போனால் ஏதாவது ஒரு கிறுக்குப் பிடிக்கத்தான் செய்யும், சிலருக்குச் சீட்டு, சிலருக்குக் கோயில் நிர்வாகம், இவருக்குக் கப்பல் என்று விட்டுவிட்டேன்.

போன குளிர்காலம் அஜக்ஸில் மகள் வீட்டிலிருந்து திரும்பும்போது 401 நெடுஞ்சாலையில் வீட்டுக்கு எதிர்த்திசையில் போய்விட்டார். நான் சொல்லியும் கேட்கவில்லை. "எனக்குத் தெரியும், பேசாம இரும்" என்று ஓஷாவா தாண்டும்வரை ஓட்டினார். பிறகு வழியோரக் கோப்பிக்கடையில் நிறுத்திவிட்டு, ஏன் நிறுத்தினோம் என்று என்னிடம் கேட்டார். மகளிடம் சொன்னேன். "அம்மா, திஸ் இஸ் நொட் நோர்மல். அப்பாவை டொக்டரிட்டக் காட்டோணும்" என்றாள்.

நினைவு பரிசோதிக்கும் இடத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனாலும் டொக்டர் கேட்டால் அவர் என்னைப் பார்த்துத் தமிழில் சொல்வதும், நான் அதைக் கொஞ்சம் தட்டித் திருத்தி ஆங்கிலத்தில் கொடுப்பதும் எங்கள் வழக்கம். எங்கள் ஆட்களில் முக்கால்வாசி வீடுகளில் இதுதான் நடக்கிறது. அன்றைக்கும் கிழமை என்ன என்று கேட்டபோது அவர் தடுமாற, "செவ்வாய் எண்டு சொல்லுறார்" என்ற கணக்கில் நானே பதிலைக் கொடுத்துவிட்டேன். எனக்கு அது உதவி என்றுதான் பட்டது.

அண்மையில் படித்த ஒரு விஷயம் சொல்லச் சொன்னார் டொக்டர், ஒரு இளம் பெண். இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிரெஞ்சுக்காரர் நேரா மேல எழும்பிற ஜெட் செய்தவை" என்றார். அதை ஆங்கிலத்தில் சொல்லவே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அது அவர் கற்பனையில் எழுதுகிற கதை, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று டொக்டரிடம் சொன்னேன். டொக்டர் போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். உண்மைதானாம். அப்படி ஒன்றைச் செய்து பறக்கவிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கைவிட்டார்களாம்.

இவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவை கப்பல்களில் அணி அணியாக நின்றன, கடைசியாக ஒன்று போன வருஷம்தான் சேவையிலிருந்து போனது என்று இப்போது நேரே ஆங்கிலத்தில் சொன்னார். டொக்டர் தலையாட்டிக்கொண்டு எழுதினார். நான் ஏற்கனவே மூக்குடைபட்டவள், வாயைத் திறக்கவில்லை. எது நடந்தது, எது இவர் எழுதியது என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. கூட இருந்த மனிசி பேசாமல் இருந்தபடியால் டொக்டரும் நம்பியிருப்பார். இப்போதைக்குப் பயப்பட ஒன்றுமில்லை, ஒரு வருஷத்தால் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். நான் சந்தோஷப்பட்டேனா பயந்தேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த கிழமை ஒரு பகல், ஜன்னலடியிலிருந்து கூப்பிட்டார். திரையில் அவர் எழுதிய பக்கம் திறந்திருந்தது.

"இதை ஆர் எழுதினது?"

"நீங்கள்தான்."

"இல்லை, இது நடந்ததெல்லோ. தூலோன் துறைமுகத்தில கப்பல் நிண்டது. ஜெட் ஒண்டு நேரா எழும்பினது. நீரும் பக்கத்தில நிண்டனீர். காத்துக்கு உம்மட சீலைத் தலைப்புப் பறந்து என்ர முகத்தை மூடினது."

நான் பிரான்ஸுக்குப் போனதேயில்லை. அவரை நான் முதலில் கண்டது ரொறன்ரோ விமான நிலையத்தில், கையில் என் படத்தோடு. இத்தனை வருஷத்தில் ஒரு வரிகூட நான் வாசிக்காத அந்தக் கதைக்குள், அவர் என்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துபோயிருக்கிறார் என்று தெரிந்தது.

"நான் அங்க நிண்டனான் என்ன?" என்று கேட்டார்.

"ஓம், நிண்டனீங்கள். நானும் நிண்டனான்" என்றேன்.

அவருக்கு ஆறுதலாகிவிட்டது. திரும்பவும் வாசிக்கத் தொடங்கினார். நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு மகளுக்குப் போன் எடுத்தேன். ஒரு வருஷம் பொறுக்கேலாது, உடனே அப்பாவைத் திரும்பக் காட்டோணும் என்றேன். நீங்கள் கூட்டிக்கொண்டு போறீங்களோ என்று கேட்டாள்.

"நீ கூட்டிக்கொண்டு போ. நான் பக்கத்தில இருந்தா அவருக்காகப் பொய் சொல்லிப்போடுவன்" என்றேன்.