வடக்குச் சித்திரை வீதியில் திரும்பி நடந்தேன்

நம்பாத ஒரு விதிக்கு நான் ஏன் கீழ்ப்படிந்தேன்?

ஃப்ளூ காய்ச்சல் விட்டபின் நேற்றுதான் மறுபடி காலை நடைக்குக் கிளம்பினேன். வீடு, கோயிலைச் சுற்றி ஓடும் நான்கு சித்திரை வீதிகளில் மேற்கே உள்ள மேலச் சித்திரை வீதியில். ஸ்ரீரங்கத்தில் நடப்பவர்கள் எல்லோரும் கோயிலை வலமாகத்தான் சுற்றுவார்கள். வடக்கு வீதியின் பாதியிலேயே எனக்குக் கால் நடுங்கியது. வந்த வழியே போனால் வீடு பக்கம் என்று திரும்பினேன்.

எதிரே தோழிகளோடு பக்கத்து வீட்டு மாமி.

"என்ன இது, அப்பிரதட்சிணமா வரேள்? பெருமாளை இடமா சுத்தலாமோ?"

"முடியல மாமி. நான் கோயிலைச் சுத்தல, வாக்கிங்தான் வந்தேன்."

"கால் உங்களுது, வீதி அவரோடது. வாங்கோ, பேசிண்டே போனா தூரம் தெரியாது."

அவர்களோடு மறுபடி வலமாகத் திரும்பினேன். கிழக்கு வீதி முடிவதற்குள் அவர்கள் பேசிக்கொண்டே கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். திறக்காத கடைகளின் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து, தெற்கு வீதியையும் கடந்து, ஒருவழியாக வீடு சேர்ந்தேன்.

இன்று காலை எழுந்திருக்கவே முடியவில்லை. காய்ச்சல் திரும்பிவிட்டது. மிளகு ரசத்தோடு வந்த மாமி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"நாலடி தப்பா வெச்சதுக்கே இப்படிப் படுத்தறது பாருங்கோ. நல்லவேளை, நான் திருப்பி விட்டேன்."