அவரும் உவரும்

யப்பான்காரனோடு யுத்தம் நடந்த வருடங்களில் வலிகாமத்தில் என்னைப்போல இங்கிலீஷ் எழுத ஒருவரும் இருக்கவில்லை. இது பச்சைப் பொய். என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் ஒழுங்கைக்கு ஒருவர் இருந்தார்கள். அவர்கள் உத்தியோகத்தர்கள், ஏழைகள் கந்தோருக்குப் போடும் பெட்டிச மனுவைத் தொடமாட்டார்கள், அவ்வளவுதான். நான் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவன். என் இங்கிலீஷ் மலாயாவில் ஒரு துரையின் குசினியில் பொறுக்கியது. பாதி முட்டை அவிப்பது பற்றியது, மீதி துரை ஏசியது. எழுத்தை ஜாம் டின்களில் படித்தேன்.

மருதனார்மடத்தில் ஒரு சைக்கிள் கடை விறாந்தையில் எனக்கு ஒரு கதிரையும் மேசையும். அரிசிக்குப் பங்கீட்டுக் கூப்பன் வந்த பிறகு சனம் இலையான் மாதிரி மொய்த்தது. அரசாங்கக் கந்தோருக்குப் போவதை இங்கிலீஷாக்க வேண்டும், கந்தோரிலிருந்து வருவதைத் தமிழாக்க வேண்டும். சோளகக் காற்றுக்குக் கடதாசி பறக்காமல் கல் வைத்தேன். கல் போதாமல் கடைக்காரனின் குறடு, சுத்தியல் எல்லாம் என் மேசைக்கு வந்தன. மாட்டேன் என்று சொல்லத் துரை வீட்டில் பழக்கவில்லை. ஓடி ஓடி எழுதினேன்.

அப்படி ஒரு நாள் ஒரு பெண் வந்தாள். புருஷன் மலாயாவில். அந்த நாட்டை யப்பான்காரன் பிடித்த பிறகு காசும் இல்லை, கடிதமும் இல்லை.

"அவர் அங்கை. பிள்ளையளின்ரை கூப்பனை உவர் வைச்சுக்கொண்டு தாறார் இல்லை, அண்ணை."

புருஷன் பெயரை அவள் சொல்லமாட்டாள். 'உவர்' என்றால் கிட்ட இருப்பவர்; அவள் சொன்னது என் முதுகுக்குப் பின்னால் கூரை தெரிந்த விதானையாரை, கூப்பன் பங்கிடும் ஊர்த் தலைமைக்காரரை. அந்தப் பெயரைச் சொல்லப் பயம். நான் இரண்டு பேரையும் 'ஹீ' என்று எழுதிக் குறட்டுக்குக் கீழே வைத்தேன்.

மறுமொழி வந்தது. கூப்பனைக் கணவர் வைத்திருப்பதால், அவர் மலாயாவிலிருந்து திரும்பியதும் அவரிடமே பெற்றுக்கொள்ளவும்.

வாசித்துச் சொன்னேன். அவள் கதிரைக்குக் கிட்ட வந்தாள்.

"உங்கடை இங்கிலிசிலை என்ரை மனிசன் கள்ளனாப் போனாரோ?"

"இங்கிலிசிலை உவர் இல்லைப் பிள்ளை."

"அப்ப என்ன கோதாரிக்கு அதைப் படிச்சனியள்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பிள்ளைகள் அரிசியில்லாமல் மரவள்ளிக்கிழங்கில் இருந்தார்கள்.

திரும்ப எழுதினேன், விதானையார் என்றே எழுதினேன். கந்தோர் அதை விசாரிக்கச் சொல்லி அனுப்பியது யாருக்கு? விதானையாருக்கு. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. கடிதத்தை என்னிடமே கொண்டுவந்தார்.

"உதிலை என்ன கிடக்கு? வாசியும்."

"இந்தக் கிழமைக்குள்ளை அந்தப் பிள்ளையின்ரை கூப்பனைக் குடுக்காட்டில் உங்கடை வேலை போகுமாம்."

"உண்மையா அப்பிடித்தானோ?"

"அவங்கள் இன்னும் கடுமையா எழுதியிருக்கிறாங்கள். நான் மரியாதைக்குக் குறைச்சுச் சொல்லுறன்."

அன்று பின்னேரமே கூப்பன் அவள் வீட்டுக்குப் போனது. அடுத்த நாள் அவள் வந்தாள். நன்றி சொல்ல என்று நினைத்துத் தலையைத் தடவிச் சரிப்படுத்தினேன்.

"கூப்பனிலை போன கிழமையளின்ரை துண்டெல்லாம் வெட்டிக் கிடக்கு. அந்த அரிசியைத் திண்டது ஆர் எண்டு எழுதுங்கோ."

பேனாவை மையில் தோய்த்தேன். விதானையார் தன் கடதாசி வேலைக்கு எனக்குக் காசு தருவதில்லை. ஓலை உமலில் அரிசி அனுப்புவார். எங்கிருந்து வந்தது என்று நானும் கேட்டதில்லை, அதை உலையில் போட்ட என் மனைவியும் கேட்டதில்லை. அந்தப் பெண் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் முதல் வரியில்...

"இஞ்சாருங்கோ, வாளி கிணத்துக்கை விழுந்திட்டுது. உந்தப் பழங்கதை எழுதுறதை வைச்சிட்டு வாங்கோ."

மனைவி கூப்பிடுகிறாள். வாறன்.