ரம்புட்டான் வலை

கரமனையில் எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரே ஒரு ரம்புட்டான் மரம். ஐந்து வருஷம் பேருக்கு நின்றுவிட்டு, போன ஆடியில்தான் முதன்முதலாகக் காய்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸில் நாலு பேரிடம் பீற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பறித்துத் தின்னுங்கள் என்றும் சொல்லிவைத்தேன். பழந்தின்னி வௌவால்கள் விடுமா? பழுத்ததை வாசனை பிடித்தே வந்துவிடும். சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையை நம் தலையில் துப்பும். வலை வாங்கப் போனேன். சாலை பஜார் கடைக்காரர் கெட்டி வலையைக் காட்டி, "மெலிசுல வவ்வால் மாட்டிக்கும் சாரே" என்றார். கெட்டி வலைக்குள் பழத்தின் சிவப்புத் தெரியாதே என்று மெலிசையே வாங்கினேன்.

ஞாயிறு காலை ஒன்று மாட்டிக் கிடந்தது. நாய்க்குட்டி முகம், பெரிய கண்கள். ஒரு சிறகில் நூல் சுற்றியிருந்தது. மற்றதால் விசிறிக்கொண்டே இருந்தது. மார்பில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்ததை என் மனைவிதான் பார்த்தாள்.

"ஏன்னா, காட்டிலாகாக்காராளை விளிங்கோ. நாம தொடப்படாது, அவா வந்து எடுப்பா."

"எடுப்பா, வலையையும் வெட்டிப் போடுவா. வவ்வால்லேர்ந்து நிப்பா காய்ச்சல் வரும்னு ஊரே நடுங்கறது. வவ்வால் மாட்டின மரம்னு தெரிஞ்சா ஒருத்தன் பழத்தைத் தொடுவானா? சாயங்காலம் வரவா வந்துட்டுப் போகட்டும், விளிக்கறேன்."

வெயில் ஏறியதும் மறுபடி கேட்டாள். தொணதொணக்காதே என்று எரிந்து விழுந்தேன். நாலு மணிக்கு, யார் கண்ணிலும் படாமலிருக்க அந்தக் கிளையைப் பழைய போர்வையால் மூடினேன். உள்ளே சிறகு லேசாக அடித்துக்கொண்டது. அதற்கு நாலடி தள்ளி நின்று, ஆபீஸ்காரர்கள் "பழம் தேன்தான் சாரே" என்றதையெல்லாம் பல்லைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். சே, என்ன ஜன்மம்.

அவர்கள் போன பிறகு காட்டிலாகாவுக்குப் போன் செய்தேன். கையுறை மாட்டிய ஒரு பெண் வந்து வலையை வெட்டினாள். தாய் செத்திருந்தது. குட்டி மட்டும் அந்த மார்பை விடாமல் பால் தேடிக்கொண்டிருந்தது. அதைத் துணியில் பொதிந்தபடி கேட்டாள்.

"எப்போ மாட்டினது சாரே? நேரத்தே விளிச்சிருந்தா இதோட தள்ளையும் பிழைச்சிருக்கும்."

"இப்பத்தான் பார்த்தேன்" என்றேன், கூசாமல்.

பின்னால் நின்ற மனைவி, "இல்லை, காலம்பறவே பார்த்தாச்சு. ஆள்கள் வராளேன்னு நான்தான் விளிக்க வேண்டாம்னேன்" என்றாள்.

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.