கவிழ்த்து வைத்த அட்டை

சிவப்பு மையில் ஒரு வரி எழுதி, மை காய்ந்ததும் அந்த அட்டையை மேசைமேல் கவிழ்த்து வைத்தார் மேனேஜர். எண்பதுகளின் நடுவில், பாப்பாரப்பட்டி வங்கிக் கிளையில் நான் கணக்குத் தொடங்கிய நாள் அது. அட்டையில் என் மாதிரிக் கையெழுத்தும் முகவரியும் இருந்தன. "லெட்டர் வூட்டுக்கு அனுப்பலாங்களா?" என்று அவர் கேட்டதும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்கு வரும் தபாலையெல்லாம் அண்ணன்தான் பிரிப்பார். 'கடிதம் அனுப்ப வேண்டாம், நேரில் மட்டும்' என்று மேனேஜர் தானாகவே எழுதிக்கொண்டார். காரணம் கேட்கவில்லை.

பால்வாடிச் சம்பளத்தை வீட்டில் கொடுத்துவிட்டு, ரவிக்கை தைத்த காசை ஆசிரியர் பயிற்சிக்காகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனோ எனக்கு மாப்பிள்ளை பார்த்து முடிக்கிற அவசரத்தில் இருந்தார். அவருக்குத் தெரிந்தால் பயிற்சி அத்தோடு சரி.

வங்கிப் படியில் என்னைப் பார்த்த யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். சும்மா விடுவாரா? நேரே மேனேஜரிடம் போனார். கடலைச் சாகுபடிக்குக் கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டி, அவர் அறையில் டீ குடிக்கிற அளவுக்குப் பழகியவர். கேட்டால் மேனேஜர் சொல்லிவிடுவார் என்று அண்ணன் நம்பியதில் தப்பில்லை. மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து அண்ணன் பொரிந்து தள்ளியது இன்னும் காதில் இருக்கிறது. "தங்கச்சி பேருல கணக்கு இருக்குதுங்களான்னு கேட்டா, 'உங்க விவரத்த உங்க தங்கச்சி வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேனுங்க'ங்கறாரு. என்ன மனுசன்!" நான் குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஆனால் அதற்குமேல் அவர் என்னைத் துருவவில்லை. தன் விவரமும் வங்கியின் அதே அலமாரியில் பத்திரமாக இருப்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பயிற்சிக்குப் பணம் கட்டிச் சேர்ந்த பிறகுதான் வீட்டில் சொன்னேன். இரண்டு நாள் கத்தினார். மூன்றாம் நாள் என் பெட்டியைத் தூக்கிவந்து பஸ் ஏற்றிவிட்டவரும் அவர்தான்.

முப்பது வருடத்துக்கும் மேல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றேன். ஓய்வுப் பணம் கணக்கில் ஏறிய வாரமே, முன்பின் தெரியாத நாலு பேர் என் பெயர் சொல்லிப் போனில் கூப்பிட்டு, அதை எதில் போடலாம் என்று யோசனை சொன்னார்கள். யார் வழியாகத் தெரிந்ததோ! பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

போன வாரம் போன் நம்பரை மாற்ற வங்கிக்குப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் திரையை என் பக்கம் திருப்பி, "எல்லாஞ் சரியா இருக்குதுங்களாம்மா?" என்றாள். பெயர், முகவரி, வாரிசு எல்லாம் இருந்தன. அந்தச் சிவப்பு வரிக்கு மட்டும் இடமில்லை. என் தோளுக்குப் பின்னால் ஒருவர் எட்டிப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் அவள் திரையைச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அம்மா பாத்து முடிக்கட்டும்."

அந்த மேனேஜர் மாற்றலாகிப் போகும்வரை நான் அவருக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. அந்த நன்றியை அவளிடம் சொன்னேன்.