கிராஸ் பட்டி

எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்தால் பிரிஜட் முகங்களைப் பார்ப்பதில்லை. ஓரங்களைப் பார்ப்பாள். பையின் ஓரம், சட்டைக் கழுத்து, குழந்தையின் தொப்பி. எது படிந்திருக்கிறது, எது சுருங்கியிருக்கிறது என்று.

வீடு பூன் லேயில். வேலை கிளமெண்டியில், ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில். கொரோனா ஆண்டில் முகக்கவசம் தைக்கத் தொடங்கினாள். முகக்கவசம் போன பிறகும் தையல் நிற்கவில்லை. நேராக வெட்டிய நாடா வளைவில் முரண்டு பிடிக்கும், துணியின் மூலைவாட்டில் வெட்டியது வளைந்து கொடுக்கும் என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து வீட்டில் வளைவான எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. ரைஸ் குக்கர் உறை, ஏப்ரன், கணவன் இயேசுதாசனின் தலையணை, எல்லாவற்றுக்கும் ஓரம் கட்டினாள். தையல்காரர்கள் போல அவளும் அதைக் கிராஸ் பட்டி என்றுதான் சொல்வாள்.

போன ஆண்டு மாதா பவனிக் குடையின் ஓரம் பொரித்த அப்பளம் மாதிரி இருந்தது. அலை அலையாக வெட்டிய ஓரத்தில் யாரோ ரிப்பனை வைத்துத் தைத்திருந்தார்கள். இந்த ஆண்டுக் கோயில் கூட்டத்தில் புதுக் குடை என்று பேச்சு வந்ததும் பிரிஜட் எழுந்துவிட்டாள்.

"ரிப்பன் வேணாம். பட்டி நானே செஞ்சு தைக்கிறேன். ஒரு சுருக்கம் இருக்காது."

"ஒண்ணுகூடவா?" என்றான் குடை பிடிக்கும் ஞானசேகரன். "பாப்போம் லா."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

மாதாவின் மேலாடை நீலம் தேக்கா கடைத்தெருவில் ஒரே கடையில்தான் பொருந்தியது. கடைக்கார ஆரிஃப் அரை மீட்டரை மடித்துக் கொடுத்தான். "இதோட சரிக்கா. ரோல் முடிஞ்சுது."

பவனிக்கு முதல் நாள், கிளினிக்கிலிருந்து வீட்டுக்குக் குரல்செய்தி அனுப்பினாள். "என்னங்க, அந்த நீலத் துணிய கிராஸா வெட்டி வைங்க. வந்ததும் தைக்கணும்."

மதியம் வந்து பார்த்தால், சாப்பாட்டு மேசையில் ஏழு நீலச் சிலுவைகள். அட்டையில் மாதிரி வரைந்து வெட்டியிருந்தான். முனைகள் அவ்வளவு சுத்தம்.

"என்னங்க இது?"

"கிராஸ். நீதானே சொன்ன."

"கிராஸ் பட்டிங்க."

"பட்டின்னு சொல்லல. போட்டுக் காட்டவா?" கைப்பேசியை எடுத்தான்.

"வேணாம்."

"குருத்தோலை ஞாயிறுக்குக் கட்டுக் கட்டா சிலுவை மடிக்கிறவன் நான். கிராஸ்னா எனக்கு வேற என்ன தோணும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு மீதித் துணியை விரித்தாள். ஒரு பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தியிருந்தான். மறுபாதி முழுசாக இருந்தது. ஒரு சதுரம்.

"இது குடைய எப்படிச் சுத்தும்? கைக்குட்டை மாதிரி இருக்கு."

பிரிஜட் கோயிலிலிருந்து கொண்டுவந்திருந்த புதுக் குடையின் அலைகள் மேல் நூலை ஓட்டி அளந்தாள். ஐந்தரை மீட்டர். சதுரத்தின் பரப்பைப் பட்டியின் அகலத்தால் வகுத்தாள். தையலுக்குப் போவதைக் கழித்தாள். ஐந்தே முக்கால்.

"சுத்தும்" என்றாள். குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. "ஒரு வெட்டு தப்பினா போச்சு. பேசாம பிடிங்க."

சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டி, இரண்டு முக்கோணங்களையும் வேறு பக்கமாகச் சேர்த்துத் தைத்தாள். சாய்ந்த கட்டம் வந்தது. அதில் ஒரே இடைவெளியில் கோடுகள் போட்டாள். பிறகு கோடுகள் வந்து முடியும் இரண்டு ஓரங்களையும் சேர்த்துக் குழாயாகத் தைத்தாள். நேருக்கு நேர் அல்ல, ஒரு கோடு தள்ளி. தள்ளாவிட்டால் வெட்டும்போது வளையல் வளையலாக விழும். தள்ளினால் ஒரே நாடா.

இயேசுதாசன் குழாய்க்குள் கைகளை விட்டு விரித்துப் பிடித்தான். கத்தரி கோட்டைப் பிடித்துக்கொண்டு சுற்றியது. நாடா இறங்கியது. இன்னொரு சுற்று. இன்னும் இறங்கியது.

"முடியவே மாட்டேங்குதே."

"முனையப் பிடிச்சுட்டு நடங்க. இழுக்காதீங்க, நீண்டுரும்."

குழாயை அவள் மடிக்கு மாற்றிக்கொண்டாள். அவன் நாடாவோடு வரவேற்பறையைத் தாண்டினான். கதவைத் தாண்டினான். பொது நடைபாதையில் பக்கத்து வீட்டு ஷபானா செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, என்ன லா இது ரிப்பன்?"

"ரிப்பன்னு சொல்லாதம்மா. உள்ள ஒரு ஆள் கத்தரியோட இருக்கு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "எங்க நிக்கிறீங்க?"

"ஷபானா வீட்டு வாசல்ல."

"இன்னும் வருது, நடங்க."

பிறகு பட்டி மடிக்கும் தகரக் கூம்பு. அகன்ற வாயில் நாடாவைச் செருகினால் குறுகிய வாயில் இரு பக்கமும் மடிந்து வெளியே வரும். வரவர இஸ்திரிப் பெட்டி பின்னாலேயே போக வேண்டும். இரண்டு பேரும் குனிந்து நின்று அதையே பார்த்தார்கள். டீ ஆறிப்போனது.

முதல் அலையைத் தைத்ததும் பிரிஜட் ஊசியை நிறுத்தினாள். வளைவைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்தாள். தண்ணீர் மாதிரிப் படிந்திருந்தது. அதன் பிறகு நிறுத்தவில்லை.

மறுநாள் கோயில் வாசலில் ஞானசேகரன் குடையை விரித்தான். ஓரத்தில் விரல் வைத்து அலை அலையாகச் சுற்றி வந்தான். ஒரு சுற்று முடிந்து இரண்டாவது சுற்று போனான்.

"சுருக்கம் இல்லக்கா, ஒத்துக்கிறேன். எங்க ஆரம்பிச்சு எங்க முடிச்சீங்க? ஜாயிண்டே தெரியலையே."

"தேடுங்க."

பாடகர் குழு தொடங்கிவிட்டது. மாதா வாசலுக்கு வந்தாகிவிட்டது. யாரோ அவன் தோளைத் தட்டினார்கள். குடையை உயர்த்திப் பிடித்து நடக்கும்போதும் அவன் அண்ணாந்து ஓரத்தையே பார்த்துக்கொண்டு போனான். பிரிஜட்டும் அதே ஓரத்தைப் பார்த்தபடி இரண்டடி பின்னால் வந்தாள். ஜெபமாலையில் எத்தனையாவது மணியில் இருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை.