விண்டோ என்றால் எந்த விண்டோ?

அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் அவள் பெரியக்கா. மேலாளருக்கும் அக்காதான், அவரைவிடப் பதினோரு வயது மூத்தவள். இருபத்து மூன்று வருஷமாக ஒரே மென்பொருளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். கணினியில் எழுதவும் திருத்தவும் உதவுகிற எடிட்டர் அது; அதைத் தயாரித்து விற்பதுதான் அந்த அலுவலகத்தின் தொழில். "நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே உனக்கு அதோட கல்யாணம் ஆயிடுச்சு" என்பார் வீட்டுக்காரர். இப்போதெல்லாம் அதற்குச் சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

எடிட்டருக்கு ஒரு பிறவிக் கோளாறு. அது பிறந்த காலத்தில் திரை முழுக்க ஒரே பக்கம்தான். அதை இரண்டாகப் பிரித்தால் வருகிற ஒவ்வொரு பகுதிக்கும் 'விண்டோ' என்று பேர் வைத்தார்கள். பிறகு உலகம் வேறொன்றை விண்டோ என்று கூப்பிட ஆரம்பித்தது, மூலையில் பெருக்கல் குறியைத் தட்டி மூடுகிறோமே, அதை. பேர்தான் ஏற்கெனவே போய்விட்டதே! அதனால் அந்த முழுசுக்கு 'ஃப்ரேம்' என்று வைத்தார்கள். அறைக்கு வீடு என்று பேர் வைத்துவிட்டு, வீட்டுக்குப் பேர் தேடிய கதை.

மாற்றியிருக்கலாம். ஆனால் நிரலில் நாலாயிரத்துச் சொச்சம் இடங்களில் கை வைக்க வேண்டும். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று மூன்று தடவை தள்ளிப்போட்டவள் அவளேதான். அவளுக்குப் பழகிப்போன குழப்பம், யாருக்கு என்ன கஷ்டம்?

கஷ்டம் புதியவருக்கு வந்தது. நாற்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள். முன்பு வேலை பார்த்த கம்பெனி மூடிப்போய்ப் பத்து மாசம் வீட்டில் இருந்துவிட்டு வந்தவர். ஆறு மாசம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று எடுத்திருந்தார்கள். அந்த ஆறு மாசம் வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

விண்டோவை மூடினால் எழுதியது தானாகவே சேமிக்கப்பட வேண்டும், இதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. பழைய நிரலில் 'விண்டோவில் உள்ளதைச் சேமி' என்று ஒரு கட்டளை தயாராக இருந்தது. எடுத்துப் போட்டார். அது ஒரு பகுதியை மட்டும் சேமித்துவிட்டு மற்றதைக் கைகழுவிவிடும் என்று அவர் கண்டாரா?

திங்கட்கிழமை காலை ஒரு மொழிபெயர்ப்பாளரிடமிருந்து கடிதம் வந்தது. அந்த அம்மா இடது பகுதியில் மூலத்தையும் வலது பகுதியில் தன் மொழிபெயர்ப்பையும் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்பது நாள் கணினியை அணைக்காமலே வேலை பார்த்திருக்கிறார். தானாகச் சேமிக்கும் என்று நம்பி மூடியிருக்கிறார். இடது பக்கம் பத்திரமாக இருந்தது. வலது பக்கம் போயே போய்விட்டது. 'இடது பக்கம் என்னிடம் புத்தகமாகவே இருக்கிறது' என்று எழுதியிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பதினோரு மணிக்கு மேலாளர் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். அறிக்கைப் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"என் தப்புதான் சார். இன்னும் நல்லா பாத்திருக்கணும்" என்றார் புதியவர்.

"அப்ப வெள்ளிக்கிழமையோட முடிச்சுக்கலாம். என்னக்கா சொல்றீங்க?"

பெரியக்காவுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. வேலைக்கு வந்த இரண்டாம் நாளே இந்த மனுஷர் அவள் மேஜைக்கு வந்து சந்தேகம் கேட்டிருந்தார். அதை அவர் ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்? பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்றும் தோன்றியது. வம்பு வேண்டாம், கழுத்து வலிக்கிறது, ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடித்தால் போதும். ச்சீ, இப்படியும் ஒரு புத்தியா!

"சார், இவர் என்கிட்ட கேட்டார்."

"என்ன கேட்டார்?"

"விண்டோன்னா முழு விண்டோதானே மேடம்னு. நான் தலையைக்கூட நிமிர்த்தலை. ஆமா ஆமான்னுட்டேன். பேரை மாத்தாம வச்சிருந்ததும் நான்தான். எழுதுறதுன்னா என் பேரை எழுதுங்க."

மேலாளரின் பேனா நின்றது. பிறகு சிரித்தார்.

"அட, நீங்களாக்கா? அப்ப இது கவனக்குறைவு இல்ல. பழைய பேரால வந்த குழப்பம். யாருக்கும் வரும்." எழுதியதை அடித்துவிட்டு அப்படியே மாற்றி எழுதினார். 'பொறுப்பானவர்' என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். "போய் வேலையைப் பாருங்க, ரெண்டு பேரும்."

அடேயப்பா! ஒரு நிமிஷத்துக்கு முன்னால் ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட இருந்த அதே தப்பு! அவள் கைக்கு வந்ததும் அதற்குப் பேர் மாறிவிட்டது. அவளுக்கு அவமானமாக இருந்தது.

வெளியே வந்ததும் புதியவர் கைகூப்பினார். "ரொம்ப நன்றி மேடம்."

"நன்றியா? என்னாலதானே மாட்டிக்கிட்டீங்க? அங்கேயே சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா? இப்பவாவது நாலு வார்த்தை திட்டுங்க, வாங்கிக்கறேன்."

அவர் பதறிப்போய், "ஐயோ, அதெல்லாம் இல்ல மேடம்" என்று சொல்லி இன்னொரு தடவை நன்றி சொன்னார். நிரந்தரமா இல்லையா என்று தெரியப்போகிற வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது; அதுவரை யாரையும் திட்டிவிட முடியுமா?